ரீச்சரிடம் கேளுங்கள்: வாக்குத்தத்த அட்டையும் வாணி விழா அவலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "ரீச்சர், வசனம் இப்படிச் சொல்கிறதே" என்றுதான் தொடங்குகின்றன. சந்தோஷம். ஆனால் எல்லாரும் அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடுகிறீர்கள். அதற்கு மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் வாசித்திருந்தால் சில கடிதங்களுக்கு முத்திரைச் செலவே வந்திருக்காது. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசன அட்டை இழுப்போமே, எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. அம்மா அதைப் பிரேம் போட்டு மாட்டினார். கனடா விசா கிடைத்தமாதிரித்தான் என்று சபையில் சாட்சியும் சொன்னேன். ஆனியில் விசா மறுக்கப்பட்டது. ஏஜென்சிக்குக் கட்டிய காசில் பாதிதான் திரும்பி வந்தது. வாக்குத்தத்தம் பொய்யா, என் விசுவாசம் குறைவா?
– ஒரு வாலிபர், அன்புவழிபுரம்

இரண்டும் இல்லை, தம்பி. முதலில் அந்த அட்டை எப்படி உங்கள் கைக்கு வருகிறது என்று சொல்கிறேன். எங்கள் சபையில் நத்தாருக்கு முந்திய கிழமை மாதர் சங்கத்தார் நாலைந்து பேர் மண்டபத்து மேசையைச் சுற்றி இருந்து, அச்சடித்த மட்டைத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டுவோம். ஒரு பக்கம் பிளேன்ரீ, ஒரு பக்கம் வெட்டிய துண்டுகள். எந்த வசனத்தைப் போடுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதும் நாங்கள்தான். இனிப்பானதெல்லாம் உள்ளே, கசப்பானதெல்லாம் வெளியே. ஒரு வருஷம் நான் 2 தீமோத்தேயு 3:12ஐயும் சேர்த்து அடிக்கக் கொடுத்தேன்: கிறிஸ்துவுக்குள் தேவபக்தியாய் நடக்க மனமுள்ள யாவரும் துன்பப்படுவார்கள் என்பது. அதுவும் வாக்குத்தத்தம்தானே? அதை இழுத்த ஐயா ஆராதனை முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "ரீச்சர், இது மாறி வந்திட்டுது போல, வேற ஒண்டு தாங்கோ" என்றார். கொடுத்தேன், என்ன செய்ய!

இனி வேதாகமத்தை எடுத்து 29ஆம் அதிகாரத்தை முதலாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் எகொனியா ராஜாவையும் அவனோடு பெருந்தொகையானவர்களையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அங்கே இருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் சனங்கள் எல்லாருக்கும் முன்னால் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தையும் பிடுங்கி உடைக்கிறார். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுங்கள், உங்களைச் சிறைகொண்டுபோன அதே பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். இவ்வளவையும் எழுதிய பிறகுதான் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே" என்ற உங்கள் வசனம் வருகிறது. கடிதம் வாசிக்கப்பட்ட நாளில் நாற்பது வயதில் இருந்தவர் ஊர் திரும்பியிருக்க மாட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் திரும்பியிருப்பார்கள். ஆண்டவர் ஒரு சனத்துக்குச் சொன்னதை அந்தச் சனத்துக்குச் செய்தார். அதில் திகதி போட்ட விசா ஒன்றும் இருக்கவில்லை.

பாபிலோனில் இருந்தவர்கள் ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டியபடி இருந்தார்கள். நம்முடைய வாலிபர்கள் ஊரில் இருந்துகொண்டே பெட்டியைக் கட்டியபடி இருக்கிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? என் சொந்த மருமக்களே டொரொன்டோவில் இருக்கிறார்கள். மறுபடி விண்ணப்பியுங்கள். ஆனால் அதுவரைக்கும் ஒரு தொழிற்பயிற்சிக்கும் போகாமல், வாலிபர் ஐக்கியத்தில் ஒரு பொறுப்பும் எடுக்காமல், "நான் போகப்போகிறவன்தானே" என்று தள்ளி நிற்பதற்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை.

சாட்சி சொன்னீர்கள் அல்லவா? அதே சபையில் எழுந்து, விசா கிடைக்கவில்லை, ஜெபியுங்கள் என்றும் சொல்லுங்கள். சங்கீதங்களில் முறையிடுகிறவைதான் அதிகம். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட விடியவில்லை. அதையும் ஆலயத்தில் பாடத்தான் வைத்தார்கள். ஏஜென்சிக் காசு விஷயம் வேறு. ரசீதுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். கிறிஸ்தவன் மன்னிக்க வேண்டும் என்று யாராவது தடுத்தால் என்னிடம் அனுப்புங்கள்.

எனக்கும் என் மச்சாளுக்கும் கிணற்றடிப் பாதை விஷயத்தில் மூன்று வருஷமாகக் கதை பேச்சு இல்லை. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு வரப் புசிக்கிறான் என்று 1 கொரிந்தியர் 11இல் இருப்பதால் திருவிருந்துக்கு எழும்பிப் போவதில்லை. பின்வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் செய்வது சரிதானே?
– ஓர் அம்மா, உப்புவெளி

அம்மா, உங்கள் பயத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த எச்சரிப்பு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். 17ஆம் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும். கொரிந்துச் சபையில் திருவிருந்து என்றால் ஒரு துண்டு அப்பமும் சின்னக் கிளாசில் திராட்சரசமும் அல்ல, சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், வெறிக்கும் அளவுக்குக் குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா" என்று, அந்த நிருபத்தை எழுதிய பவுல் கேட்பது அதற்காகத்தான். ஆக்கினை என்ற கடுஞ்சொல் அந்த மேசையைப் பார்த்துச் சொன்னது. கடைசியில் அவர் கொடுக்கும் மருந்து என்ன? ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. அவ்வளவுதான்.

நடுவிலே 28ஆம் வசனம் இருக்கிறது. ஒருவன் தன்னைச் சோதித்தறிந்து, அப்பத்தில் புசித்து, பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன் என்கிறது. சோதித்தறிந்துவிட்டுப் பின்வாங்கில் இரு என்று அல்ல. எங்கள் மெதடிஸ்த சபைகளின் மூதாதை ஜோன் வெஸ்லி, தகுதியில்லை என்று சொல்லி ஒதுங்குகிறவர்களுக்காகவே ஒரு பிரசங்கத்தில் நீளமாகப் பதில் எழுதினார். 1787இல் அது அச்சில் வந்தது. சாப்பிட வா என்று கட்டளையிட்டவரிடம், வரமாட்டேன், நான் பாவி என்பது பதிலாகாது என்பதுதான் அவருடைய வாதம். நான் அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

ஆனால் மச்சாளை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மத்தேயு 5:23, 24 இருக்கிறதே. காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு, பின்பு வந்து காணிக்கையைச் செலுத்து என்று இயேசு சொன்னார். அங்கேயும் "பின்பு வந்து" இருக்கிறது. நீங்கள் செய்தது காணிக்கையையும் வைக்காமல், மச்சாள் வீட்டுக்கும் போகாமல், நடுவிலே நின்றது. திருவிருந்துக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் ஒருதரம் போங்கள். கிணற்றுப் பாதையைப் பற்றி அன்றைக்கு வாயே திறக்க வேண்டாம், அதற்குக் கிராம சேவகர் இருக்கிறார், மத்தியஸ்த சபை இருக்கிறது. "வந்தனான், எப்படி இருக்கிறாய்" என்றால் போதும். கதவைத் திறக்காவிட்டால்? ரோமர் 12:18: உங்களால் ஆனமட்டும் என்கிறது. உங்களால் ஆனது படலைவரைக்கும் போவது. மறுநாள் எழும்பிப் போய்த் திருவிருந்தில் பங்கெடுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் வாணி விழாவுக்கு அவலும் கடலையும் கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டேன். ஜெபக்குழு அக்கா ஒருவர், விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிட்டுவிட்டாய், மனந்திரும்பு என்கிறார். மனம் குழம்பியிருக்கிறது.
– அரச ஊழியை, திருகோணமலை நகரம்

கோணேசர் கோயில் மணி கேட்கும் ஊரில், தெருவுக்கு ஒரு பள்ளிவாசலும் தேவாலயமும் உள்ள ஊரில், இந்தக் கேள்வி நமக்கு வருஷம் முழுக்க வரும். பவுலுக்கும் வந்தது. 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தால் அவர் ஒரே பதிலை எல்லா இடத்துக்கும் கொடுக்கவில்லை என்பது தெரியும். கோயில் பந்தியில் உட்கார்ந்து வழிபாட்டில் பங்குகொள்வது கூடாது, அதில் அவர் இளகவேயில்லை. கடையில் விற்கும் இறைச்சி என்றால் வாங்கிச் சாப்பிடு, விசாரிக்காதே என்கிறார். அவிசுவாசி ஒருவர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. ஆனால் அங்கே ஒருவர் "இது படைக்கப்பட்டது" என்று சொன்னால் சாப்பிடாதே, சொன்னவருடைய மனச்சாட்சிக்காக என்கிறார்.

ஆக, அவல் உங்களுக்கு எப்படி வந்தது? பூசை முடிந்து, தட்டோடு, பிரசாதம் என்று சொல்லிக் கையில் வைத்தார்களென்றால், "கோவிக்காதேங்கோ, நான் எடுக்கிறதில்லை" என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கலாம். நமது சைவச் சனங்கள் அதை ஒருபோதும் பிழையாக எடுப்பதில்லை. தேத்தண்ணி நேரத்தில் பொதுவாக மேசையில் வைத்து எல்லாரும் எடுத்துச் சாப்பிட்டதென்றால் நீங்கள் சாப்பிட்டதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. ஜெபக்குழு அக்காவோடு இதற்காகச் சண்டைக்கும் போக வேண்டாம். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணவும் கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கவும் கூடாது என்று ரோமர் 14:3 இருவருக்கும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் கோயிலிலிருந்து புதிதாக விசுவாசத்துக்கு வந்த பிள்ளை யாராவது உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளைக்காக அவலை விட்டுவிடுங்கள். உங்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தப் பகுதியின் கடைசியில், யூதருக்கும் கிரேக்கருக்கும் இடறலாயிராதேயுங்கள் என்று ஒரு வரி வருகிறது. அது சபையில் அவ்வளவாகப் பிரசங்கிக்கப்படுவதில்லை. நத்தாருக்கு எங்கள் வீட்டில் கேக் இரண்டு தட்டில் வேகும். ஒன்றுக்குப் பழங்களை பிராண்டியில் ஊறப்போடுவேன். மற்றதற்குத் தோடம்பழச் சாற்றில். இரண்டாவதுதான் முன்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் அவர்களுடைய கிண்ணியா உறவினருக்கும் போவது, அதற்குத் தனி அகப்பை, தனிப் பெட்டி. பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும். பிராண்டி விடவில்லை என்று நான் சொன்னால் அவர்கள் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்பதில்லை.

சங்கீதம் 150 பேரோசையுள்ள கைத்தாளங்களால் துதிக்கச் சொல்கிறது. எங்கள் சபை ஒரு வாடகை வீட்டில் கூடுகிறது. பக்கத்து வீட்டார் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். இது உபத்திரவமா?
– ஒரு விசுவாசி, உவர்மலை

இல்லை. இது சாதாரண தரப் பரீட்சை. பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

சங்கீதம் 150இல் வீணையும் சுரமண்டலமும் குழலும் இருக்கின்றன, ஜன்னலில் அடுக்கிய ஸ்பீக்கர் பொக்ஸ் இல்லை. 1 கொரிந்தியர் 14இல் வெளியாள் ஒருவர் உள்ளே வந்து கேட்டால் என்ன நினைப்பார் என்று பவுல் யோசிக்கிறார். வெளியாளுடைய காதைக் கணக்கில் எடுப்பது வேதாகமத்துக்கு உட்பட்டதுதான். ஆமோஸ் 5:23ஐயும் வாசியுங்கள், பாட்டின் இரைச்சலை அகற்று என்று ஆண்டவரே கேட்ட இடம் அது. அடுத்த வசனத்தில் காரணம் இருக்கிறது. பொக்சை உள்பக்கம் திருப்பி வையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், இரவு எட்டு மணிக்குப் பிறகு கையால் தட்டிப் பாடுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒருதரம் போய் மன்னிப்பும் கேளுங்கள், போதகர் போனால் இன்னும் நல்லது.

கணவர் திருக்கடலூரில் சம்மாட்டி ஒருவருக்குக் கீழே கரைவலைக்குப் போகிறார். வாடைக்காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் வருமானம் இல்லை. நுண்கடன் தவணைக்குக் கிழமைதோறும் ஆள் வந்து வாசலில் நிற்கிறது. போதகர் மல்கியா 3:10ஐக் காட்டி, வருமானத்தில் பத்திலொரு பங்கான தசமபாகம் கொடுக்காவிட்டால் ஆண்டவரைத் திருடுகிறீர்கள் என்கிறார். தவணையைக் கட்டுவதா, தசமபாகம் கொடுப்பதா?
– இரண்டு பிள்ளைகளின் தாய்

பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுங்கள். அதுதான் முதல்.

தங்கச்சி, இந்தப் பதிலைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், வேண்டுமானால் போதகருக்கும். மல்கியா 3:10ஐ எடுத்த விரல் ஐந்து வசனம் மேலே போகட்டும். 3:5இல் கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாக ஆண்டவர் தீவிரமான சாட்சியாக வருவேன் என்கிறார். தசமபாகங்களைக் கொண்டுவரச் சொல்லும் 3:10இன் பண்டசாலை யாருக்கு? நெகேமியா 13இல் விளக்கம் கிடைக்கும். பங்கு கொடுக்கப்படாததால் ஆலயத்தில் ஊழியம் செய்த லேவியர் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். உபாகமம் 14:28, 29 இன்னும் தெளிவு: மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும், அவர்கள் வந்து சாப்பிட்டுத் திருப்தியடையும்படி. அதாவது அந்தப் பண்டசாலையிலிருந்து உங்களுக்கு வெளியே வர வேண்டும். உள்ளே போவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, வெளியே வருவதைப் பற்றிப் பேசாமல் இருக்க ஒரு போதகருக்கு உரிமை இல்லை.

ஏழை விதவையின் இரண்டு காசையும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், மாற்கு 12:41 முதல். அதற்கு நேரே மேலே, 40ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி இயேசு என்ன சொன்னார் என்பதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த இரண்டையும் சேர்த்து வாசித்து ஒரு பிரசங்கமாவது இந்த வருஷம் நமது சபைகளில் கேட்க ஆசைப்படுகிறேன்.

கொடுக்கவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது எழுதிய 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள்தான் நமக்கு அளவு. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படி. மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமுமாக இருக்க அல்ல. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல. கடல் நன்றாக இருந்து, சம்மாட்டி பங்கு பிரித்த நாளில் கணவரும் நீங்களும் பேசி, மனதில் நியமித்ததை உறையில் போடுங்கள். வாடையில் வெறும் உறை என்றால் வெறும் உறைதான். உங்கள் சபைச் செயலாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கடன் தவணையில் மாட்டிய குடும்பங்களுக்கு உதவ சபையில் நிதி இருக்கிறதா? இல்லையென்றால் ஏன்? மானமாக இருந்தால் என் கேள்வி என்று சொல்லுங்கள்.

எபிரெயர் 10:25 சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்கிறது. என் மகனின் புலமைப்பரிசில் ரியூஷன் ஞாயிறு காலையில். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்.
– ஒரு தகப்பன், பாலையூற்று

ஆசிரியர் 24ஆம் வசனத்தை விட்டுவிட்டார். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்பட ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும் என்று அது சொல்கிறது, முகத்தைத் திருப்பினால் எப்படிக் கவனிப்பது? எல்லா வகுப்பும் ஞாயிறு காலையில்தான் என்று ஆனது நமது ஊரின் பெரிய அநியாயம். அதை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது. பெற்றார் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் ரியூஷன் மாஸ்டர் நேரத்தை மாற்றுவார், நான் கண்டிருக்கிறேன்.

சபையும் அசைய வேண்டும். காலை எட்டு மணி சீனாய் மலையிலிருந்து வந்ததல்ல. அப்போஸ்தலர் 20இல் துரோவா பட்டணத்துச் சபை வாரத்தின் முதல் நாள் இரவில் கூடியது, விளக்குகள் அநேகம் எரிந்தன, பவுல் நடுராத்திரிவரை பேசினார், ஐத்திகு என்ற வாலிபன் நித்திரை தூங்கி மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான். (பிரசங்கம் நீளுகிற போதகர்களுக்கு இதை வருஷத்துக்கு ஒருதரம் நினைப்பூட்டுகிறேன்.) ஓய்வுநாள் பாடசாலையைச் சனி பின்னேரம் வைத்துப் பார்க்கலாம். அதுவரை ஞாயிறு பின்னேரம் மகனோடு நீங்களே ஒரு சுவிசேஷப் பகுதியை வாசியுங்கள். தகப்பன் வாசித்தது பிள்ளைக்கு மறக்காது.

ஒவ்வொரு தை மாதமும் ஆதியாகமத்தில் தொடங்குகிறேன். லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. எப்படி வாசிப்பது?
– ஒரு கல்லூரி மாணவி, சாம்பல்தீவு

ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் என்ற அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள், பிள்ளை. மாற்கில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். ஒரே இருப்பில் பாதி முடியும். பிறகு பிலிப்பியர்: நாலு அதிகாரக் கடிதம். வீட்டுக்கு வந்த கடிதத்தை இன்றைக்கு ஒரு பந்தி, நாளைக்கு ஒரு பந்தி என்று யாரும் வாசிப்பதில்லையே, ஒரேயடியாக வாசியுங்கள். அதற்குப் பிறகு லூக்காவும் அப்போஸ்தலரும், அவை ஒருவரே ஒருவருக்கு எழுதிய இரண்டு பாகங்கள். பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, விளங்காததை எழுதுங்கள். விளங்கியதை எழுத வேண்டாம், அது தானாக நிற்கும்.

லேவியராகமத்தில் நின்றதற்கு வெட்கப்பட வேண்டாம், பலிகளின் அதிகாரங்களைப் பிறகு எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசித்தால் ருசி தெரியும். 19ஆம் அதிகாரத்தை மட்டும் இந்தக் கிழமையே வாசியுங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விடு, கூலிக்காரன் கூலியை விடியுமட்டும் உன்னிடத்தில் வைத்திராதே, கள்ளத் தராசு பிடிக்காதே என்று இருக்கிறது. பிறனிலும் அன்புகூருவாயாக என்று இயேசு எடுத்துச் சொன்ன கட்டளையும் அந்த அதிகாரத்தில்தான், 18ஆம் வசனத்தில். கொப்பியில் எழுதியவற்றை அடுத்த மாதம் அனுப்புங்கள்.